இலையப் பறிச்சுப் போட்டா புழு வளராதா, லேப்ல அதுக்குன்னு தனியா சமைக்கணுமா?

கேட்டவர் அக்ரி படிக்கிற தம்பியோ தங்கச்சியோ, அகர், அதான் புழு சாப்பாட்ட ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற கடல்பாசித் தூள், அதோட விலையப் பாத்து கடுப்பாகி கேட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். வளரும், யாரு இல்லைன்னா? ஆனா அந்த இலைல எவன் என்ன மருந்து அடிச்சிருக்கான்னு தெரியாது, ஆடில கிடைச்ச இலை சித்திரைல கிடைக்காது, மருந்து டெஸ்ட்டுக்கு ஒரே வயசுப் புழு நூத்துக்கணக்குல வேணும். பூச்சிமருந்தா அடிக்கிற, புழுவக் கொல்ற என்பிவி வைரஸ் தயாரிக்கவும் உயிரோட புழு வேணும்.

நான் ஒன்றரை வருஷம் ஹெலிகோவெர்பா, அதான் காய்ப்புழு, வளர்த்தேன். கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின் சி, பூஞ்சணம் வராம இருக்க சார்பிக் ஆசிட், மெத்தில் பாரபென், எல்லாத்தையும் அகர்ல கலக்கணும். கொதிக்கக் கொதிக்க வைட்டமின் சி போட்டா வீணாயிடும், 60 டிகிரிக்குக் கீழ இறங்கணும், 40 கிட்ட போச்சுன்னா அகர் உறைய ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள மிக்ஸில அடிச்சு குப்பில ஊத்தி முடிக்கணும். குப்பிக்கு ஒரே புழுதான். ரெண்டு விட்டா மறுநாள் ஒண்ணுதான் இருக்கும், அதுவும் குண்டா.

ஒரு தடவ ஒரு பேட்ச் முழுக்க டயட்ட தொடவே இல்ல. குட்டிப் புழுவெல்லாம் மேல ஏறி மூடிப் பஞ்சுல ஒட்டிக்கிட்டு, மூணாம் நாள் நூல் மாதிரி காஞ்சு கிடந்துச்சு. அகர சந்தேகப்பட்டேன், ஈஸ்ட்ட சந்தேகப்பட்டேன், கடைசில மிச்ச மாவ நாக்கு நுனில வெச்சா சுள்ளுனு காரம்! மில்லுல எனக்கு முன்னாடி யாரோ மிளகாத்தூள் அரைச்சுட்டுப் போயிருக்காங்க. உடனே ஒருத்தர் வருவீங்க, காய்ப்புழு மிளகாய்லயே வருமே, காரம் என்ன பண்ணும்னு. தெரியும் சார், நான் எதையும் நிரூபிச்சதா சொல்லல, வீட்டு மிக்ஸில அரைச்ச மாவுல அடுத்த பேட்ச் நல்லா தின்னுச்சு, அவ்ளோதான். இதுல எங்க மாமா வேற, புழுவுக்கு சோறாக்கவா எம்எஸ்சி படிச்சேன்னு பொங்கலுக்கு பொங்கல் கேப்பாரு.

அத விடுங்க, கடலை, அகர் பாதி என் கைக்காசு. பில்லு கொடுத்தா ஒரிஜினல் எங்கம்பாங்க, ஒரிஜினல் கொடுத்தா மார்ச் முடிஞ்சிருச்சும்பாங்க. ஞாயித்துக்கிழமையும் பஸ் ஏறிப் போய் தாய்ப்பூச்சிக்கு தேன் தண்ணிப் பஞ்சு மாத்துனது நான், ஆராய்ச்சிப் பேப்பர்ல பேரு வந்தது லீவுல ஊருக்குப் போனவருக்கு. தேன் பில்லு 640 ரூபா, இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு, எழுத்துகூட அழிஞ்சிருச்சு.