கடிபட்ட செடியின் இலை ஏன் சிறுக்கிறது?

திருகோணமலை மாவட்டத்து வீட்டுத்தோட்டக்காரர் கேட்டவற்றுக்குத் தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (கிண்ணியா): சேர், புழு தின்ற தக்காளிக் கன்றில் பிறகு வரும் இலைகள் சிறிதாக இருக்கின்றன. பசளை போதாதா?

பதில்: பசளைமீது உடனே பழி போட வேண்டாம். புழு கடித்த சற்று நேரத்திலேயே இலையின் மென்சவ்விலுள்ள லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்திலிருந்து ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோன் உண்டாகி, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துடன் சேர்ந்து, ‘ஜாஸ்’ எனப்படும் தடுப்புப் புரதங்களை அழியச் செய்கிறது. அவை அழிந்ததும், அதுவரை அவற்றின் பிடியில் இருந்த ‘மிக்2’ புரதம் விடுபட்டுப் பாதுகாப்பு மரபணுக்களை இயக்குகிறது. தக்காளியில் அவ்வாறு உருவாகும் புரதங்கள் சில, புழுவின் குடலில் புரதச் சமிபாட்டைத் தடுக்கின்றன. கடிபடாத இலைகளிலும் அவை சேர்வது 1972இலேயே காட்டப்பட்டது. இதே ஓமோன் இளம் இலையில் கலப்பிரிவையும் மந்தமாக்குகிறது. கலங்கள் குறைய இலை சிறுக்கிறது.

கேள்வி (மூதூர்): புது இலைகளில் மயிர் கூடுதலாகத் தெரிகிறதே, நோயா?

பதில்: நோயில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் இலையில் ஜஸ்மோனிக் அமிலம் மயிர்களைக் கூட்டும். முதிர்ந்த இலையில் புதிதாக மயிர் முளைக்காது என்பதால், வித்தியாசம் அடுத்த இலைகளில்தான் தெரியும். தக்காளியிலையைத் தேய்த்தால் விரலில் ஒட்டும் மஞ்சட்பச்சைக் கறையும் மணமும் இந்தச் சுரப்பி மயிர்களிலிருந்து வருபவையே.

கேள்வி (தம்பலகாமம்): அப்படியானால் வளர்ச்சி ஓமோனான கிபரெலினைத் தெளித்து இலையைப் பெருக்கலாமா?

பதில்: பெருக்கலாம், ஆனால் பாதுகாப்பு தளரும். கிபரெலின், வளர்ச்சியை அடக்கிவைக்கும் ‘டெல்லா’ புரதங்களை அழிக்கிறது. டெல்லா பிடித்து வைத்திருந்த ஜாஸ் விடுபட்டு, மிக்2ஐ மறுபடி அடக்குகிறது. வளர்ச்சி கூடினால் பாதுகாப்பு குறைவதற்கு, இருக்கும் சத்து இரண்டுக்கும் போதாததே காரணம் என்று பலர் எழுதுகின்றனர். எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. 2016இல் வெளியான ஆய்வில், ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் ஐந்து ஜாஸ் மரபணுக்களையும் ஒளியுணரும் புரதமான பைட்டோகுரோம் பி-யையும் செயலிழக்கச் செய்தபோது, அது நன்கு வளர்ந்துகொண்டே புழுவையும் எதிர்த்தது. வளர்ச்சியையும் பாதுகாப்பையும் எதிரெதிராக நிறுத்துவதில் ஓமோன் சமிக்ஞைகளுக்கே பெரும் பங்கு என்று கருதுகிறேன்.

கேள்வி (நிலாவெளி): முருங்கை நிழலில் நிற்கும் கத்தரி நெட்டையாகிப் புழுவுக்கும் இரையாகிறதே?

பதில்: மேலுள்ள இலைகள் சிவப்பொளியை உறிஞ்சித் தொலைச்சிவப்பொளியைக் கீழே விடுவதைப் பைட்டோகுரோம் உணர்கிறது. பரிசோதிக்கப்பட்ட பல செடிகள் அந்நிலையில் உயர்வதற்கு முந்திக்கொண்டு, ஜஸ்மோனிக் அமிலத்துக்குக் குறைவாகவே பதிலளிக்கின்றன. முருங்கைக் கிளைகளைத் தறியுங்கள். கன்றுகளை இடைவெளி விட்டு நடுங்கள்.

கேள்வி (கந்தளாய்): வெண் ஈக்கும் இதே காவல் உதவுமா?

பதில்: அவ்வளவாக இல்லை. வெண் ஈக் குஞ்சுகள் சாற்றை உறிஞ்சும்போது சலிசிலிக் அமிலம் என்ற வேறொரு பாதுகாப்பு ஓமோனின் வழி தூண்டப்பட்டு, ஜஸ்மோனிக் வழி அடங்கிவிடுவது அரபிடோப்சிஸில் காணப்பட்டுள்ளது. இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள்.