ஒட்டில்லாத பலகை

ஐயா,
மர வேலை வீடியோக்களை விடாமல் பார்ப்பவன் நான். ஆறு பேர் சேர்ந்தும் புரட்ட முடியாத பலகையை அப்படியே மேஜையாக்குகிறார்கள். நாலு பலகையை ஒட்டினால் ஆகாதா? எங்கள் தச்சர், “ஒட்டினாத்தான் சார் நெளியாம நிக்கும்” என்கிறார். அப்புறம் ஏன் இந்த வெறி? காசைக் காட்டவா?
செ., கோவை

அன்புள்ள செ.,

தச்சர் சொல்வது சரி. காயும்போது மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம். சுருக்கமெல்லாம் அகலத்தில்தான். அதிலும் மரத்தின் வருட வளையத்தை ஒட்டிய போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை அகல அகல வம்பும் கூடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காயவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கேட்காமல் நான் அறுவை மில்லில் ஒரு தூங்குமூஞ்சிப் பலகை வாங்கினேன். சித்திரை வெயிலில் முறம் மாதிரி குழிந்துவிட்டது. இப்போது மொட்டைமாடியில் அதன்மேல் வடாம் காய்கிறது.

ஆனால் இது வெறும் காசு ஜம்பம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் ஊஞ்சலைக் காட்டுகிறவர் முதலில் சொல்வது, “ஒரே பலகை, பர்மாத் தேக்கு.” பித்தளைச் சங்கிலியெல்லாம் அதற்கப்புறம்தான். அந்தப் பலகையைத் தடவினால் எவ்வளவு பெரிய மரத்தில் உட்காரப்போகிறோம் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒட்டின மேஜை நல்ல மேஜைதான், ஆனால் அதில் மரம் தெரியாது.

இந்த மோகத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த கட்டடக்கலைஞர். 1930களின் பிற்பகுதியில் கோல்கொண்டே விடுதி கட்டப் புதுச்சேரிக்கு வந்தவர், அரவிந்தர் ஆசிரமத்தில் ‘சுந்தரானந்தா’ ஆனார். ஊர் திரும்பிய பின், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம் ஒன்றில், இடாஹோவின் மினிடோகாவில், குடும்பத்தோடு அடைபட்டார். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கை பழகினார். கிடைத்ததெல்லாம் கழிவுக் கட்டை.

பிறகு பென்சில்வேனியாவில் சொந்தப் பட்டறை. வால்நட் பலகையின் ஓரத்தை ரம்பம் வைத்து நேராக்க மாட்டார். மரம் வளர்ந்த வளைவிலேயே விடுவார். விரிசலையும் மறைக்க மாட்டார். அதன் குறுக்கே, உடுக்கை போல இடை சிறுத்த கட்டை ஒன்றைப் பதிப்பார். விரிசல் கண்ணெதிரே இருக்கும், மேற்கொண்டு பிளக்காது. இப்போது அந்த இடத்தில் நீல ரெசினை, அதாவது ஊற்றினால் கெட்டியாகும் பிசினை, ஊற்றி ஆறு ஓடுவதுபோல் செய்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

உங்கள் தச்சருக்கு ஒரு செய்தி. நியூயார்க் பேராலயம் ஒன்றில் 1986இல் நகாஷிமா வைத்த பிரம்மாண்டமான அமைதி மேஜை ஒரே பலகை அல்ல. ஒரே மரத்தின் அடுத்தடுத்த இரண்டு பலகைகள், புத்தகத்தை விரித்ததுபோல் சேர்த்து, நடுவில் உடுக்கைக் கட்டைகள் பதித்தது. அதே அமைதி மேஜை வரிசையில் இன்னொன்று 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது. ஒருமுறை தச்சரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். மேஜையைத் தடவிவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.