சிறுமூளை இறக்கமும் கட்டுண்ட தண்டுவடமும்: நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு ஒன்பது வயது. எம்.ஆர்.ஐ.யில் ‘கியாரி முதல் வகை’, அதாவது சிறுமூளையின் நுனி கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. தண்டுவடமும் கீழ்நுனியில் நகர முடியாமல் ஒட்டி, கட்டுண்டிருக்கிறதாம். கீழே இழுப்பதால்தான் மேலே சிறுமூளை இறங்கிவிட்டதா?

பதில்: ‘ஆமாம்’ என்று சொல்லத் தூண்டும் கேள்வி, அம்மா. கயிற்றின் கீழ்நுனியை இழுத்தால் மேல்நுனி இறங்கத்தானே வேண்டும்? ஆனால் தண்டுவடம் கயிறு மாதிரி தொங்கவில்லை. இருபுறமும் பல் வடிவ இணைப்பு நார்கள் அதை உறையோடு பிணைத்திருக்கின்றன. கீழே கொடுக்கும் இழுவிசை சில கணுக்கள் ஏறுவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துபோகிறது. முதல் வகையில் வழக்கமான காரணம் வேறு. பின்மண்டைக் குழி சிறுத்திருப்பதால், இடம் போதாமல் சிறுமூளையின் நுனிகள் கழுத்துப் பக்கம் பிதுங்குகின்றன. இரண்டு கோளாறும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். அதை வைத்து ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: முதுகு மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றனவே?

பதில்: அது கியாரி இரண்டாம் வகை. அங்கே தொடர்பு உறுதியானது, ஆனால் கீழே இழுப்பதால் மேலே இறங்கும் தொடர்பு அல்ல. கருவின் முதுகு நான்காவது வாரத்தில் மூடாமல் போகிறது. திறந்த இடத்தின் வழியே மூளை-தண்டுவட நீர் ஒழுகுவதால் மூளையின் உள்ளறைகள் விரிவதில்லை. பின்மண்டையும் போதிய அளவு வளர்வதில்லை. மெக்லோன், நெப்பர் என்ற ஆய்வாளர்கள் 1989இல் சொன்ன விளக்கம் இது. பிறந்த பிறகு முதுகை மூடும்போது, அந்தத் தழும்பில் தண்டுவடம் ஒட்டிக்கொள்கிறது. ஆக, மூலம் ஒன்று, விளைவு இரண்டு.

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல சான்று. 26 வாரத்துக்கு முன் கருவிலேயே முதுகை மூடிய குழந்தைகளில், பன்னிரண்டாம் மாதத்தில் பின்மூளை இறக்கம் (சிறுமூளையும் மூளைத்தண்டும் கீழே இறங்குவது) 64 சதவீதம். பிறந்தபின் மூடியவர்களில் 96. அதே ஆய்வில், கட்டுண்ட தண்டுவடத்தை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சை கருவில் மூடியவர்களுக்கு 8 சதவீதம், மற்றவர்களுக்கு 1 சதவீதம் தேவைப்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் மேலே நிலைமை தேறும்போது கீழே கட்டு கூடுகிறது என்றால், ‘கீழே இழுப்பதுதான் காரணம்’ என்ற வாதம் எங்கே நிற்கும்?

கேள்வி: எனக்குச் சிறுமூளை 7 மி.மீ. இறங்கியிருக்கிறது. தண்டுவடம் சரியான இடத்தில் இருக்கிறது. தண்டுவடத்தின் கீழ்நுனியிலிருந்து இறங்கும் அடி இழையை வெட்டினால் கியாரி சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடிகிறது, இழை 2 மி.மீ.க்கு மேல் தடிக்கவில்லை, கொழுப்பில்லை, சிறுநீர்த் தொந்தரவும் இல்லை என்றால், வெட்ட அங்கே என்ன இருக்கிறது தம்பி? 2009இல் நரம்பியல் அறுவை மருத்துவர் மில்ஹோராட்டின் குழு, இழையை வெட்டிய பிறகு பலர் தேறியதாக எழுதியது உண்மைதான். ஆனால் குலுக்கல் முறையில் வெட்டாமல் விட்ட ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

கேள்வி: 4 மி.மீ. இறக்கம் ஆபத்தா?

பதில்: 5 மி.மீ. இறங்கினால் கியாரி என்பது படத்தை அளக்க வரைந்த கோடு மட்டும்தான். 4இல் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி விழுந்தவரும் உண்டு, 10இல் நலமாக இருப்பவரும் உண்டு.

கேள்வி: இரண்டும் இருந்தால் எதை முதலில் சரிசெய்வீர்கள்?

பதில்: தொந்தரவு தருவதை. இருமினாலோ தும்மினாலோ பின்தலையில் வெடிக்கும் வலி, விழுங்கும்போது புரையேறுதல், கழுத்துப் பக்க நீர்க்குழி என்றால் மேலே. சிறுநீர், மலச்சிக்கல், பாத வளைவு, குனிந்தால் கூடும் இடுப்பு வலி என்றால் கீழே. ஸ்பைனா பைஃபிடாவுக்கு முதுகை மூடிய குழந்தைக்கு மூச்சுத் திணறலோ புரையேறுதலோ புதிதாக வந்தால், கத்தியை எடுக்கும் முன் மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் வைத்த ஷன்ட் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். பல நேரம் குற்றவாளி அதுதான்.

கேள்வி: வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நான் எப்போதும் சாக்ஸைக் கழற்றச் சொல்வேன். ஒரு பாதம் சிறுத்து, விரல்கள் மடங்கியிருக்கிறதா, ஒரு செருப்பு மட்டும் ஓரமாகத் தேய்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே முடிக்கற்றை, மெத்தென்ற கட்டி, ஆழமான குழி இருந்தால் காட்டுங்கள். படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால், அதட்ட வேண்டாம், அழைத்து வாருங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.