வாசகர் கேள்விகள்: கோல்டன் கேட் கரையோரம்

கேள்வி (வாசகி, திருச்சி): ஜூலையில் மகன் வீட்டுக்கு ஃப்ரீமாண்ட் போகிறோம். சான் பிரான்சிஸ்கோவில் பாலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். வயதான எங்களுக்கு அங்கே நடக்க நல்ல இடம் உண்டா?

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் பெட்டியில் ஸ்வெட்டர், மப்ளர் எடுத்து வையுங்கள். ஃப்ரீமாண்டில் வெயில் காயும் அதே நேரத்தில் பாலத்துப் பக்கம் மூடுபனி ஏறி, பாலமே கண்ணுக்குத் தெரியாமல் போகிற மாதம் அது. வெயிலோடு பார்க்க ஆசை என்றால் செப்டம்பர், அக்டோபர்தான் சரி. மூட்டுவலிக்காரர்களுக்குக் கிரிஸ்ஸி ஃபீல்டு தோதான இடம். தண்ணீரை ஒட்டிச் சமதளப் பாதை, பாலத்தைப் பார்த்தபடியே நடக்கலாம். அதற்கு மேலே டனல் டாப்ஸ், நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு அதன் தலைமேல் போட்ட 14 ஏக்கர் பூங்கா, 2022 ஜூலையில் திறந்தது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. லேண்ட்ஸ் எண்டில் 1896-ல் திறந்து 1966-ல் எரிந்துபோன சூட்ரோ பாத்ஸ் நீச்சல் குளங்களின் இடிபாடு இருக்கிறது, ஆனால் படி இறங்கணும், முடிந்தவர் மட்டும் போய் வாருங்கள். ஓஷன் பீச்சில் கால் நனைக்கவே இறங்க வேண்டாம், அந்த அலை ஆளை இழுத்துவிடும்.

கேள்வி (வாசகர், கோவை): இவ்வளவு பெரிய நகரத்தில் கடலோர நிலத்தை ரியல் எஸ்டேட்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்கள்?

பதில்: ராணுவம் உட்கார்ந்திருந்ததால். கிரிஸ்ஸி ஃபீல்டும் டனல் டாப்ஸும் அடங்கிய பிரெசிடியோவில் 1776-ல் ஸ்பெயின்காரர்கள் கோட்டை போட்டார்கள், அப்புறம் மெக்சிகோ, அப்புறம் அமெரிக்கா, 1994 வரை அது ராணுவ முகாம்தான். பாலத்துக்கு வடக்கே மரின் குன்றுகளில் 30,000 பேருக்கு மரின்செல்லோ என்று ஒரு புது ஊரே கட்டப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டு நிறுத்தினார்கள். 1972-ல் இரு கரையையும் சேர்த்துத் தேசியப் பூங்கா நிலமாக்கிச் சட்டம் வந்தது.

கேள்வி (வாசகர், சென்னை): விமானத்தளத்தைத் தோண்டிச் சதுப்பு நிலமாக்கினார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை, பாதி அளவுக்கு. கிரிஸ்ஸி ஃபீல்டு முதலில் சதுப்பு நிலம்தான். 1915 உலகக் கண்காட்சிக்காக மண் கொட்டி மேடாக்கினார்கள், 1921-ல் விமானத்தளம் வந்தது. ராணுவம் போனதும் தாரையும் நச்சு மண்ணையும் அள்ளி எறிந்து, 18 ஏக்கருக்குப் பள்ளம் வெட்டி, கடலுக்கு வாய் திறந்துவிட்டு, தன்னார்வலர்களைக் கொண்டு சுமார் ஒரு லட்சம் நாற்று நட்டு 2001-ல் மக்களுக்குத் திறந்தார்கள். பக்கத்திலேயே பழைய புல் ஓடுதளத்தையும் 28 ஏக்கரில் மீட்டுவைத்தார்கள், அதுவும் வரலாறுதானே என்று. சிக்கல் அங்கேதான், சதுப்புக்கு இடம் குறைந்துபோனது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பும் வேகத்தில் முகத்துவாரத்து மணலை அடித்துப் போக வேண்டும். 18 ஏக்கர் தண்ணீருக்கு அந்த வலு இல்லை. மணல் அடைப்பதும் இயந்திரம் வைத்துத் திறப்பதுமாகவே இருந்தார்கள். அடையாறு முகத்துவாரத்தைப் பார்த்திருக்கும் உங்களுக்கு இது புதிதில்லை. 2020 கடைசியில் மேலிருந்து வரும் ஓடையைச் சாலைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்து, இன்னும் 7 ஏக்கர் கூட்டினார்கள். என்னைக் கேட்டால் ஓடுதளத்தில் பாதியை அன்றைக்கே தண்ணீருக்குக் கொடுத்திருக்கலாம்.

கேள்வி (வாசகி, சன்னிவேல்): தன்னார்வலராகப் போனால் பூத்துக் குலுங்கும் செடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். மனசே வரவில்லை.

பதில்: ஐஸ் பிளாண்ட்தானே? தென்னாப்பிரிக்காவிலிருந்து மணலைப் பிடித்துவைக்கக் கொண்டுவந்தது, இப்போது பாய் விரித்தாற்போல் படர்ந்து வேறெதையும் முளைக்க விடுவதில்லை. நம்மூர்ச் சீமைக் கருவேலக் கதைதான். சான் பிரான்சிஸ்கோ மணல்மேடுகளில் மட்டுமே வாழ்ந்த ஸெர்செஸ் நீல வண்ணத்துப்பூச்சி, வாழ இடமில்லாமல் 1940-களில் அற்றே போனது. அதன் இடத்தை நிரப்ப 2024-ல் அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு நீல வண்ணத்துப்பூச்சியைப் பிரெசிடியோவில் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் தயங்காமல் பிடுங்குங்கள், வேரோடு.

கேள்வி (வாசகர், ஈரோடு): பூங்கா என்று சொல்லிவிட்டு ராணுவக் குடியிருப்பை வாடகைக்கு விடுவது நியாயமா?

பதில்: பிரெசிடியோ 2013-க்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமே போட்ட நிபந்தனை அது. வாடகைப் பணத்தில்தான் அந்தப் பழைய வீடுகளுக்கு ஓடு மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். பூட்டிப்போட்டு இடிய விடுவதற்கு இது எவ்வளவோ மேல். வாடகைதான் நம்மால் கட்டுப்படியாகாது.