வாசகர் கேள்வி – பதில்: 30,000 ரூபாயில் ஒரு பறக்கும் கேமரா

கேள்வி: நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். இப்போது பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் குடியிருக்கிறேன். சிறு வயதில் ஏறி விளையாடிய சயனைடு மேடுகளை (தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுத்தூள் குன்றுகளை) மேலிருந்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 120 கிராம் எடையுள்ள ஆக்‌ஷன் கேமரா ஒன்று கைவசம் இருக்கிறது. 30,000 ரூபாய்க்குள் நானே ஒரு குவாட்காப்டரை, அதாவது நான்கு இறக்கை ட்ரோனைக் கட்ட முடியுமா? எதில் பணத்தைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?
– முருகேஷ்பாளையம் வாசகர்

பதில்: கட்ட முடியும். கேமரா ஏற்கெனவே கையில் இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்; அதையும் இந்தத் தொகைக்குள் அடக்க வேண்டியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். ஆராய்ச்சி, ராணுவம் போன்ற தேவைகள் நீங்கலாக, முழுதாகவோ பிரித்துப் பெட்டியில் அடைத்தோ வரும் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை விதித்தபோது, உதிரி பாகங்களை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. ஆகவே பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் தேடினால் வேண்டிய பாகங்கள் கிடைத்துவிடும்.

முதலில் எடைக் கணக்கைப் போடுங்கள். எஃப்450 என்ற ஃபிரேமில் 450 என்பது மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரு மோட்டார்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில். அதற்கு 2212 அளவுள்ள, 920 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று) மோட்டார்கள் நான்கு, 10 அங்குல ப்ரொப்பெல்லர்கள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. நான்கு, மூன்று செல் கொண்ட 5000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரி ஆகியவை பொருந்தும். இது பழைய கூட்டணிதான். ஆனால் விழுந்து உடைந்தால் மாற்றுப் பாகம் மறுநாளே கிடைக்கும் என்பதால், முதல் ட்ரோன் கட்டுகிறவருக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். முழு வேகத்தில் ஒரு மோட்டார் ஏறத்தாழ 750 கிராம் தூக்கும், நான்கும் சேர்ந்து 3 கிலோ. மொத்த எடை அதில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காற்றில் நிலைகொள்ளத் திணறும். உங்கள் கேமராவுடன் சேர்த்து 1,400 கிராமுக்குள் முடித்துவிடலாம். இன்னொன்று: பெங்களூரும் தங்கவயலும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் சுழலும் இறக்கையின் தூக்குவிசையும் அந்த அளவுக்குக் குறையும். எனவே எடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம். இந்த எடைக்கு ஒரே இடத்தில் நிற்க ஏறக்குறைய 200 வாட் தேவைப்படும். 11.1 வோல்ட்டில் அது 18 ஆம்பியர். பேட்டரியின் 5 ஆம்பியர் மணியில் 4 மட்டுமே செலவழிக்கலாம் என்பதால் 13 நிமிடம் வருகிறது. காற்றையும் திருப்பங்களையும் கழித்தால் 11 நிமிடம். அரை மணி நேரம் பறக்கும் என்று யாராவது சொன்னால், கேமரா இல்லாமலா என்று கேளுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் ஃபிரேமும், கேமராவின் காட்சியைத் தரையில் நேரலையாகக் காட்டும் கருவியும். அந்தக் கருவி இல்லாமலே முதல் சில மாதங்களை ஓட்டலாம். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பலகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜி.பி.எஸ். இல்லாத மலிவான பலகை ட்ரோனைச் சாயாமல் வைத்திருக்குமே தவிர, காற்று தள்ளிய பக்கமெல்லாம் அது மிதந்து போகும். உங்கள் இரு கைகளும் அதை இழுத்துப் பிடிப்பதிலேயே முடங்கிவிட, எடுத்த வீடியோவில் அந்தப் போராட்டம் முழுவதும் பதிவாகும். ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் கன்ட்ரோலரையும் ஜி.பி.எஸ்., திசைகாட்டி இணைந்த தொகுதியையும் வாங்குங்கள். உங்கள் தொகையில் பெரும்பங்கு இவற்றுக்கே போகட்டும். திசைகாட்டியைப் பேட்டரிக் கம்பிகளின் மேல் ஒட்டாமல், சிறு கம்பம் வைத்து உயர்த்திப் பொருத்துங்கள். அந்தக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் திசையைக் குழப்பினால், ஓரிடத்தில் நிற்க வேண்டிய ட்ரோன் செக்குமாடு போல வட்டமடிக்கத் தொடங்கும்.

செல்களைச் சமன்செய்யும் நல்ல சார்ஜரும் அவசியம். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது; பறக்கும்போது 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். எடுத்து வைக்கும்போது 3.8 இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியைத் திரும்பவும் சார்ஜில் போடாதீர்கள். சார்ஜில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

ட்ரோன் சாய்ந்தாலும் கேமராவைச் சாயாமல் பிடிக்கும் ஜிம்பல் என்ற தாங்கி இப்போது வேண்டாம். பகல் வெளிச்சத்தில் உங்கள் கேமராவிலேயே இருக்கும் அசைவு நீக்கும் வசதி போதுமானது. அந்தி வேளையில்தான் அது கைவிடும். தங்கவயல் மேடுகளின் தூள் மிக நுண்ணியது என்பதால், தரையிலிருந்து நேரடியாகக் கிளப்பாமல் ஒரு தார்ப்பாயை விரித்து அதிலிருந்து கிளப்புங்கள். இடத்துக்கு உரியவரின் அனுமதியையும் முன்னதாகப் பெறுங்கள். ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அம்மியே பறக்கும் காற்றில் 1,400 கிராம் எம்மாத்திரம்!

கேள்வி: இதே எஃப்450 ட்ரோனை நான் கட்டி முடித்துவிட்டேன். நன்றாகப் பறக்கிறது. ஆனால் வீடியோ, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல நெளிகிறது. இரண்டு அச்சு ஜிம்பல் வாங்கி மாட்டிய பிறகும் நெளிவு போகவில்லை. ஜிம்பல் பழுதா?
– ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: ஜிம்பல் மீது குற்றமில்லை. இத்தகைய கேமராவின் சென்சார் ஒரு படத்தை முழுதாக ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துக்கொண்டே வருகிறது. உங்கள் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 83 சுற்று. அதன் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதறல் விழும். சென்சார் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வந்து சேர்வதற்குள் கேமரா ஓரிரு முறை ஆடிவிடுவதால், நேராக நிற்கும் விளக்குக் கம்பம் படத்தில் பாம்பாக வளைகிறது. ட்ரோன் முன்னும் பின்னும் சாய்வது போன்ற மெதுவான அசைவுகளை ஈடுகட்டுவதே ஜிம்பலின் வேலை; நொடிக்கு 80 முறை வரும் உதறலை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. கேமராவுக்குள் இருக்கும் அசைவு நீக்கும் வசதிக்கும் இதே வரம்பு உண்டு.

ஆகவே உதறலை அது பிறக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ப்ரொப்பெல்லர் பாலன்ஸர் என்ற சிறு கருவி வாங்கி, அதன் அச்சில் இறக்கையை மாட்டிக் கிடைமட்டமாக விடுங்கள். கனமான பக்கம் தராசுத் தட்டு போலக் கீழே இறங்கும். லேசான பக்கத்தில் செல்லோடேப்பைச் சிறு துண்டாக ஒட்டி, எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை துண்டைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நான்கு இறக்கைகளுக்கும் ஒரு மாலைப்பொழுது ஆகும். ஜிம்பலுக்குக் கொடுத்த பணத்தில் கிடைக்காத பலன் இந்த ஒரு மாலையில் கிடைக்கும். ஓரம் சிதைந்த இறக்கையைச் சீர்செய்ய முயலாமல் தூக்கிப் போடுங்கள். பிறகு இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஃபிரேமின் கையைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கடகடவென்று அதிர்ந்தால் அதன் அச்சு வளைந்திருக்கக்கூடும். கழற்றிவிட்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கும் தழும்பு.

இதற்குப் பிறகும் எஞ்சும் அதிர்வுக்கு, கேமராத் தட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரப்பர் உருண்டைகள் வைக்கலாம். மிக மென்மையானவை வேண்டாம், கேமரா ஊஞ்சலாடும். உச்சி வெயிலில் கேமரா தானாகவே ஷட்டரை நொடியில் 2,000-இல் ஒரு பங்குக்குக் குறைத்துக்கொள்வதால், நெளிவு வெட்டி வைத்தது போலத் துல்லியமாகத் தெரியும். லென்ஸின் மேல், வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டரை மாட்டி, நொடிக்கு 25 படங்கள் எடுக்கும் வேகத்தில் ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்காக வைத்தால் காட்சி இயல்பாக இருக்கும்.

கேள்வி: நான் அல்சூரில் ஸ்டுடியோ நடத்துகிறேன். சொந்தமாகக் கட்டிய ட்ரோனைக் கல்யாண வீடியோவுக்குப் பயன்படுத்தலாமா? மொட்டை மாடியில் பயிற்சி செய்யலாமா?
– அல்சூர் வாசகர்

பதில்: இரண்டுக்கும் என் பதில், வேண்டாம் என்பதே. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ளவை மைக்ரோ பிரிவில் வருகின்றன. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறக்கவிடும் மாதிரி ட்ரோன்களுக்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடல் தரச் சோதனையில் தேறியது என்ற சான்று) கேட்பதில்லை. கட்டணம் வாங்கிப் படமெடுக்கத் தொடங்கியதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. ஓட்டுபவரும் ரிமோட் பைலட் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கல்யாணங்களுக்கு, வகைச் சான்றிதழ் பெற்ற ட்ரோனையும் சான்றிதழ் உள்ள ஓட்டுநரையும் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

இடத்தைப் பொறுத்தவரை, எச்.ஏ.எல். விமான நிலையம், ஜக்கூர், எலகங்கா விமானப்படைத் தளம், தேவனஹள்ளி என்று நகரைச் சுற்றி ஓடுதளங்கள் இருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் எங்கும் கிளப்பாதீர்கள். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியும், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியும் வேண்டும். பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. ஆனால் விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடங்களில் அந்த உயரம் 60 மீட்டர்தான். முருகேஷ்பாளையம் வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். அவருடைய வீடு எச்.ஏ.எல். ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முதல் பறப்பை நகருக்கு வெளியே, வரைபடத்தில் பச்சையாக உள்ள, ஆள் நடமாட்டமில்லாத ஒரு வெட்டவெளியில் வைத்துக்கொள்ளட்டும்.