நெல்லில் துத்தநாகக் குறையும் மிகையான மணிச்சத்தும்

கேள்வி: ஐயா, வணக்கம். நடவு செய்து 22 நாட்களான நெற்பயிரில் அடியிலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றியுள்ளன. இளம் இலைகள் அடிப்பகுதியில் நடுநரம்பையொட்டி வெளுத்திருக்கின்றன. திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கிறது. பதினேழு சத்துகளும் அடங்கியது என்று உரக்கடையில் கொடுத்த டானிக்கை ஏக்கருக்கு அரை லிட்டர் வீதம் இருமுறை தெளித்தும் பயனில்லை. அதன் சீட்டில் துத்தநாகம் 2 விழுக்காடு என்றிருக்கிறது. மண்ணின் கார அமில நிலை (pH) 8.3. நான்கு ஆண்டுகளாகப் போகந்தோறும் ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை இரண்டு வீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டிஏபி உரம் இடுகிறேன். பழைய பேட்டரி செல்லின் உறை துத்தநாகம்தானே, உடைத்து மடைவாயில் போட்டால் போதும் என்கிறார் பக்கத்து வயல்காரர். மூன்றாம் முறையும் டானிக் தெளிக்கலாமா, செல்களைப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் துத்தநாகக் குறைக்கு உரியவை. இதே நோயைக் கைரா என்று அழைத்துக் காரணம் தெரியாமல் உழவர்கள் தவித்த நிலையில், அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறையால் வருவது என்பதை 1966இல் இன்றைய உத்தராகண்டில் உள்ள பந்த்நகரில் பயிர்நோய் அறிஞர் ஒய். எல். நேனே எடுத்துக்காட்டினார். ஆகவே பூசண மருந்து எதையும் தேடிப் போக வேண்டாம்.

இப்போது நிற்கும் பயிருக்கு, ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும், இலை கருகாமலிருக்க நீற்றிய சுண்ணாம்பு அரைக் கிலோவைத் தனியே கரைத்து வடிகட்டிய தெளிநீரையும் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் 2 கிலோ யூரியா சேர்த்துக்கொள்ளலாம்.

டானிக் ஏன் பலிக்கவில்லை என்பதற்குச் சீட்டிலிருக்கும் எண்ணே விடை சொல்கிறது. அரை லிட்டரில் 2 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 10 கிராம் துத்தநாகம். ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டில் 210 கிராம். ஒரு டன் நெல் விளையப் பயிர் ஏறக்குறைய 50 கிராம் துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளும் என்னும்போது, 10 கிராமை ஏக்கர் முழுவதும் பரப்பியதில் என்ன பயன் இருக்க முடியும்? பதினேழு சத்துகள் என்ற விளம்பரத்தையும் எண்ணிப் பாருங்கள். பயிருக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு என்பது உண்மை. ஆனால் அவற்றுள் கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நிக்கலும் மாலிப்டினமும் மிகமிகச் சிறிய அளவே தேவைப்படுபவை. பதினேழையும் ஒரே குப்பியில் அடைத்து, குறைந்திருக்கும் ஒன்றை மட்டும் போதிய அளவு தராமல் விற்பது உழவரை ஏமாற்றும் வேலை என்றே நான் கருதுகிறேன். எந்தக் கடையிலும் பெயரைக் கேட்காதீர்கள். எந்தத் தனிமம், எந்த உப்பாக, எத்தனை விழுக்காடு என்ற மூன்றையும் கேளுங்கள். விடை சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எதைக் கூடுதலாக இட்டுவிட்டேன் என்பதே. இரண்டு மூட்டை டிஏபியில் 46 கிலோ மணிச்சத்து இருப்பதாகக் கணக்கிடுவது ஆக்சைடு வடிவில். தனிமமாகப் பார்த்தால் 20 கிலோ பாஸ்பரஸ். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தாலும் பயிர் எடுப்பது ஏறத்தாழ 6 கிலோதான். மிஞ்சியது நான்கு ஆண்டுகளாக மண்ணில் சேர்ந்துகொண்டிருக்கிறது. மணிச்சத்து மிகும்போது துத்தநாகம் வேருக்குள் நுழைவதும் வேரிலிருந்து இலைக்கு ஏறுவதும் தடைப்படுகின்றன. இதன் மேல், கார அமில நிலை ஓர் அலகு உயர்ந்தால் மண்ணில் துத்தநாகத்தின் கரைதிறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், 8.3 உள்ள தங்கள் மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்கு எட்டாமல் கிடக்கிறது.

இதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் டிஏபியைக் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் துத்தநாக சல்பேட் கரைசலை ஊற்றினால் திரிதிரியாகத் தடித்த வெண்படிவு உண்டாகும். அது நீரில் கரையாத துத்தநாக பாஸ்பேட். இரண்டையும் ஒரே கூடையில் கலந்து இடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இச்சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. துத்தநாக சல்பேட்டுடன் மலிவான மக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பது பழைய மோசடி. இரண்டின் படிகங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூட்டையில் இருப்பது வெறும் மக்னீசியம் சல்பேட்டாக இருந்தால் இந்தத் தடித்த படிவு உண்டாகாது. மூட்டையைப் பிரித்ததும் வயலுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

வரும் இரண்டு போகங்களுக்கு டிஏபியை நிறுத்தி, தழைச்சத்தை (நைட்ரஜனை) யூரியாவாகப் பிரித்து இடுங்கள். பிறகு மண் பரிசோதனையில் மணிச்சத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யலாம். அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து கடைசி உழவுக்குப் பின் தூவுங்கள். ஒருமுறை இட்டது இரண்டு மூன்று போகங்களுக்குப் போதும். போகந்தோறும் இடுவது இன்று மணிச்சத்தில் நேர்ந்த பிழையைத் துத்தநாகத்தில் திரும்பச் செய்வதாகும்.

பேட்டரி செல்லைப் பற்றிப் பக்கத்து வயல்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. செல்லின் உறையும், இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சும், செம்புடன் சேர்ந்து பித்தளையாவதும் பயிருக்கு வேண்டிய அதே தனிமம்தான். ஆனால் உலோகமாக இருப்பதைப் பயிர் உறிஞ்ச முடியாது. கரைந்த அயனியாக வேண்டும். கார மண்ணில் அது மெல்லத்தான் நடக்கும். மேலும், செல்லை உடைத்தால் துத்தநாகம் மட்டும் வருவதில்லை. மாங்கனீசு டை ஆக்சைடும், பழைய செல்களில் பாதரசம், காட்மியம், ஈயம் போன்றவையும் இருக்கக்கூடும். தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருப்பது காட்மியம். நெல்லின் வேர் இரண்டையும் சரியாகப் பிரித்தறியாமல் உள்ளே விட்டுவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் துத்தநாகச் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் பாசன நீரில் கலந்து அரிசிக்குள் புகுந்து, எலும்புகள் நொறுங்கும் இட்டாய் இட்டாய் நோயைத் தந்தது. 1968இல் அந்நாட்டு அரசே அதன் காரணத்தை ஏற்று அறிவித்தது. மடைவாயில் ஏற்கெனவே செல்களைப் போட்டிருந்தால், அடுத்த உழவில் சிதறி மண்ணோடு கலந்துவிடும் முன்னரே கையுறை அணிந்து துண்டு விடாமல் பொறுக்கி எடுத்து, மூடிய கலத்தில் அடைத்து வயலை விட்டு அப்புறப்படுத்துங்கள்.