ஃப்ரேம் போட்ட பழைய செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷன் போட்டோ, பின்பக்கம் பென்சில்ல 1868ன்னு இருக்கு. அது 1868ல எடுத்ததுதானா?

கடிகார கோபுரம் படத்துல முழுசா நிக்குதுன்னா அது 1868 போட்டோ இல்லைங்க. லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷன் திறந்ததுதான் 1868, அந்த கோபுரம் ஸ்டேஷன் முன்னாடி இருக்கிற செங்கல் ஹோட்டலோட பகுதி, அந்த ஹோட்டலை 1873லதான் திறந்தாங்க, அப்பவும் வேலை முழுசா முடியல. ஸ்டேஷன் திறந்த வருஷத்தை யாரோ பின்னாடி பென்சில்ல குறிச்சு வெச்சிருப்பாங்க.

ஒரு லென்ஸ் எடுத்து ஃப்ரேம் கண்ணாடி மேலயே வெச்சு வானம் இருக்கிற இடத்தைப் பாருங்க, வரிசையா குட்டி குட்டி புள்ளி தெரிஞ்சா அது அச்சடிச்ச படம். புள்ளி இல்லாம பேப்பர் நார் லேசா தெரிஞ்சு, வெள்ளையெல்லாம் மஞ்சளாகியிருந்தா முட்டை வெள்ளைக்கரு பூசின பழைய ஆல்புமின் பிரிண்டா இருக்கலாம். ஆனா பிற்காலத்துல காப்பி எடுத்த போட்டோலயும் புள்ளி இருக்காது, அதனால புள்ளி இல்லைங்கிறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க.

படம் ஓரத்துல கண்ணாடியோட ஒட்டியிருந்தா தயவுசெஞ்சு பிய்க்காதீங்க, படத்தோட மேல் படலமே உரிஞ்சு வந்துடும்.